பழைய கார் வளைவில் வெளியே தள்ளுகிறதா? ஸ்பிரிங்கை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இதுதான். அறுபதுகளில் வந்த கார். முன்னால் மேலும் கீழும் விஷ்போன் (சக்கரத்தைச் சேசிஸோடு சேர்க்கும் V வடிவக் கை), பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் உட்கார்ந்த ஒற்றை ஆக்சில், பின்சக்கர இயக்கம். கிராஸ்-பிளை டயரை எடுத்துவிட்டு ரேடியல் போட்டாயிற்று. அலைன்மெண்ட் பார்த்தவர் எல்லாம் கம்பெனி அளவுக்குள் இருக்கிறது என்கிறார். ஆனாலும் நேர் சாலையில் வண்டி அலைகிறது, வளைவில் ரொம்பச் சாய்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. தாழ்வான, விறைப்பான ஸ்பிரிங்கும் தடித்த ஆன்டி-ரோல் பாரும் (இடது வலது சஸ்பென்ஷனை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) போட்டால் சரியாகுமா?

ஓரளவு சரியாகும். ஆனால் அங்கிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஆட்டத்தை எடுங்கள், அப்புறம் கோணங்களை மாற்றுங்கள், விறைப்பைக் கூட்டுவது கடைசியில் இருக்கட்டும். இந்த மூன்றில் கோணங்கள்தான் பழைய காருக்கு அதிகப் பலன் தருபவை, செலவும் அங்கேதான் குறைவு. பெரும்பாலானவர்கள் கடைசி வேலையை முதலில் செய்துவிட்டு, நடுவில் இருப்பதைத் தொடுவதே இல்லை.

‘கம்பெனி அளவு’ என்பதை முதலில் பார்ப்போம். அந்த எண்களில் தப்பு எதுவும் இல்லை, அவை வேறு டயருக்காக எழுதப்பட்டவை. மிச்செலின் 1940-களின் கடைசியிலேயே ரேடியலை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டாலும், அறுபதுகளில் பல கம்பெனிகள் கிராஸ்-பிளையோடுதான் காரை வெளியே அனுப்பின. கிராஸ்-பிளையில் பக்கச்சுவரும் தரையைத் தொடும் பகுதியும் ஒரே அடுக்குகளால் ஆனவை. சுவர் வளைந்தால் தரைப்பகுதியும் சேர்ந்து கோணும். ரேடியலில் சுவர் தனியாக வளைந்துகொடுக்கும், பெல்ட் கட்டிய தரைப்பகுதி தட்டையாகவே நிற்கும். அதனால் பிடிப்பு கூடுகிறது. பிடிப்பு கூடினால் அதே வளைவை வேகமாக எடுக்கிறீர்கள், பாடியும் கூடுதலாகச் சாய்கிறது. ரேடியல் போட்ட பிறகு சாய்வு அதிகமானதுபோலத் தோன்றினால் அது பிரமை இல்லை.

கேம்பர் என்பது முன்னால் இருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்: தலை வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ், உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். அன்றைய அளவுகளில் முன்சக்கரக் கேம்பர் பெரும்பாலும் சுழியமாகவோ சற்றுப் பாசிட்டிவாகவோ இருக்கும். ஸ்டியரிங் அச்சு பின்னால் சாயும் கோணமான காஸ்டரும் குறைவு. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை நிறுத்துமிடத்தில் கை நோகாமல் திருப்ப வேண்டுமே! இன்றைய டயருக்கும் இன்றைய வேகத்துக்கும் இவை இரண்டுமே மாற வேண்டியவை.

கேம்பர் வளைவில் என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி 4 டிகிரி சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேல் விஷ்போன் குட்டையாக இருப்பதால், சஸ்பென்ஷன் அமுங்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே இழுக்கப்பட்டு, அந்தச் சாய்வில் பாதியைத் திருப்பிக் கொடுக்கிறது என்போம். மீதி 2 டிகிரி அப்படியே இருக்கும். வளைவின் வெளிப்பக்கச் சக்கரம், எடையெல்லாம் தாங்குகிற அந்தச் சக்கரம், தரையோடு ஒப்பிட்டால் 2 டிகிரி பாசிட்டிவில் நிற்கிறது. டயர் தன் வெளி ஓரத்தில் மட்டும் ஓடுகிறது. நீங்கள் சொல்லும் ‘வெளியே தள்ளுதல்’ இங்கேதான் பிறக்கிறது. நிற்கும்போதே 1 டிகிரி நெகட்டிவ் வைத்திருந்தால் அந்த 2 டிகிரி 1 ஆகிவிடும். சாலைக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு அரை முதல் 1 டிகிரி நெகட்டிவ் போதும். அதற்கு மேல் போனால் உள் ஓரம் தேயும், நேர் சாலையில் பிரேக் பிடிக்கும்போது பிடிப்பும் குறையும்.

காஸ்டர் என்பது பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். நேர் சாலையில் வண்டி அலைவதற்குக் காஸ்டர் போதாமையே முக்கியக் காரணமாக இருக்கும். அதற்கு இன்னொரு பலனும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. காஸ்டர் இருக்கும் சக்கரத்தைத் திருப்பினால் வெளிப்பக்கச் சக்கரம் தானாகவே நெகட்டிவ் கேம்பருக்குப் போகும், உள்பக்கச் சக்கரம் பாசிட்டிவுக்குப் போகும். இரண்டுமே வளைவுக்கு வேண்டிய திசைதான். நேராக ஓடும்போது டயரைத் தின்னாமல், திருப்பும்போது மட்டும் கேம்பர் கிடைக்கிறது. அதனால்தான் நான் கேம்பரைவிடக் காஸ்டருக்கு முதலிடம் கொடுப்பேன். பவர் ஸ்டியரிங் இல்லாவிட்டால் 3 முதல் 4 டிகிரி வரை முயன்று பாருங்கள். ஸ்டியரிங் கனமாவதை நீங்களே உணர்வீர்கள், கை ஒத்துக்கொள்ளும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பவர் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.

டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன் விளிம்புகள் உள்ளே (டோ-இன்) அல்லது வெளியே (டோ-அவுட்) திரும்பியிருக்கும் அளவு. அதில் கதை எளிது. கிராஸ்-பிளைக்குக் கொடுத்த டோ-இன் ரேடியலுக்கு அதிகம். இரண்டு பக்கமும் சேர்த்து 1 முதல் 2 மி.மீ. போதும். பின்சக்கர இயக்கத்தில் சாலையின் இழுப்பு முன்சக்கரங்களைப் பின்னால் தள்ளும். மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் கொஞ்சம் வளைந்துகொடுத்தவுடன் அந்த டோ-இன் ஏறக்குறைய நேராகிவிடும். டோ-அவுட் வைத்தால் வண்டி சட்டென்று திரும்புவதுபோல் இருக்கும், ஆனால் நேர் சாலையில் ஒவ்வொரு தடத்தையும் தேடிக்கொண்டு போகும். தினமும் ஓட்டும் காருக்கு அது வேண்டாம்.

ஒருபக்கம் இழுத்தால் இரண்டு பக்கத்து வித்தியாசத்தைப் பாருங்கள். காஸ்டர் குறைவான பக்கம் வண்டி இழுக்கும். கேம்பர் அதிகப் பாசிட்டிவான பக்கமும் இழுக்கும்.

மேல் விஷ்போன் சேசிஸோடு சேரும் இடத்தில் ஷிம் தகடுகள் இருந்தால் இந்த இரண்டையும் அங்கேயே மாற்றலாம். இரண்டு போல்ட்டிலும் ஒரே அளவு தகட்டைக் கூட்டினாலோ குறைத்தாலோ கேம்பர் மாறும். ஒன்றில் கூட்டி மற்றதில் குறைத்தால் காஸ்டர் மாறும். எந்தத் திசைக்கு எது என்பது விஷ்போன் தண்டு பிராக்கெட்டின் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, எனவே ஒரே ஒரு தகட்டை மாற்றி அளந்து பார்த்துவிட்டு மேலே போங்கள். சில கார்களில் ஷிம்மே இருக்காது. அவற்றுக்கு நீளம் மாற்றக்கூடிய விஷ்போனோ, இடம் தள்ளித் துளையிட்ட புஷ்ஷோ கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சில வண்டிகளில் நிற்கும் கேம்பரைவிட, அமுங்கும்போது கேம்பர் மாறும் விதம்தான் குறை. 1965-இல் ஃபோர்டு மஸ்டாங்கில் இருந்து ஷெல்பி ஜி.டி.350 என்ற ஸ்போர்ட்ஸ் மாடல் தயாரானபோது மஸ்டாங்கின் மேல் விஷ்போனுடைய உள்முனையை ஏறக்குறைய ஓர் அங்குலம் கீழே இறக்கினார்கள். விஷ்போன் உள்ளே சரிந்து நிற்பதால் சக்கரம் மேலே வரும்போது தலை கூடுதலாக உள்ளே போகும், முன்பக்கத்தின் ரோல் சென்டரும், அதாவது வண்டி சாயும்போது சுழலும் மையமும், உயரும். புது உதிரிபாகம் எதுவும் இல்லை, இரண்டு பக்கமும் புதிதாகத் துளை போட்ட வேலைதான். அந்தத் தலைமுறை மஸ்டாங் வைத்திருப்பவர்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள். உங்கள் கார் வேறு என்றாலும் அதே மாடலை ஓட்டியவர்கள் இப்படி ஏதாவது கண்டுபிடித்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் ஆட்டம் இருக்கும் வண்டியில் எந்தக் கோணமும் நிற்காது. பட்டறையில் ஓர் அளவு, சாலையில் வேறோர் அளவு என்று ஆகிவிடும். எனவே அலைன்மெண்டுக்கு முன் ஒரு முழு நாளைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஸ்பிரிங் கீழ் விஷ்போனில் உட்கார்ந்திருந்தால் ஜாக்கியை அந்த விஷ்போனுக்கு அடியில், பால் ஜாயிண்ட் (சக்கரப் பக்கம் இருக்கும் உருண்டை மூட்டு) பக்கமாகக் கொடுங்கள். அப்போதுதான் எடை தாங்கும் ஜாயிண்ட் தளர்ந்து, ஆட்டம் வெளியே தெரியும். ஸ்பிரிங் மேல் விஷ்போனில் இருந்தால் மேல் விஷ்போனுக்கும் சேசிஸுக்கும் நடுவே மரக்கட்டை செருகி, சேசிஸில் ஜாக்கி வையுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவிக்கு ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின் (பழைய கார்களில் சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டு). கிங் பின் இருக்கும் காரில் கிரீஸ் நிப்பிள் வழியாக உண்மையிலேயே கிரீஸ் உள்ளே போகிறதா என்றும் பாருங்கள். வெளியே வழிந்தால் மட்டும் போதாது.

அடுத்தது டை ராடு எண்ட், ஐட்லர் ஆர்ம், ஸ்டியரிங் பாக்ஸ். பாக்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்குரூ இருக்கும். அதை ஸ்டியரிங் நேர் நடுவில் இருக்கும்போது மட்டுமே சரிசெய்ய வேண்டும். ஓரத்தில் வைத்து இறுக்கினால் நடுவுக்கு வரும்போது பிடித்துக்கொள்ளும், ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. பின்னால் லீஃப் ஸ்பிரிங் கண் புஷ், ஷேக்கிள் புஷ், யூ-போல்ட் எல்லாவற்றையும் பாருங்கள். அப்படியே சேசிஸில் விஷ்போனும் ஸ்பிரிங்கும் பிடிக்கும் இடங்களில் துருவும் விரிசலும் இருக்கின்றனவா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

புது ரப்பர் புஷ் போடும்போது ஒன்றை மறக்காதீர்கள். வண்டி நான்கு சக்கரத்திலும் நின்று, வழக்கமான உயரத்தில் இருக்கும்போதுதான் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். வண்டி உயரமாக உட்காரும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். பாலியூரித்தேன் புஷ் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. ஒரே அச்சில் சுழலும் இடங்களில், உதாரணமாக விஷ்போனின் உள்முனையில், அது நன்றாக வேலை செய்கிறது. பல திசையில் வளைந்துகொடுக்க வேண்டிய இடங்களில் அது சஸ்பென்ஷனையே பிடித்துக்கொள்ளும். அங்கே ரப்பரே நல்லது. சாலை வண்டிக்கு நான் பெரும்பாலும் நல்ல தரமான புது ரப்பரைத்தான் சொல்வேன்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். பழைய கார் குறைவாக ஓடுவதால் பட்டன் தேயாமலேயே ரப்பர் கெட்டிப்பட்டுவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும், பிடிப்பு இருக்காது. காற்றழுத்தமும் கிராஸ்-பிளைக் காலத்துக் கையேட்டில் உள்ளதைவிட ரேடியலுக்குப் பொதுவாகச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் வண்டியின் குணத்தையே மாற்றும். பின்னால் என்ஜின் இருந்த 1960-இன் கார்வேர் காருக்கு ஷெவ்ரோலே சொன்ன அழுத்தம் முன்னால் 15 பவுண்டு, பின்னால் 26. பின்பக்கம் சுழன்று போகாமல் இருக்க அந்த வித்தியாசத்தையே நம்பினார்கள். உங்கள் வண்டியில் முன்பக்கம் தள்ளினால் முன் டயரில் ஒன்றிரண்டு பவுண்டு ஏற்றிப் பாருங்கள். டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் கோடு போட்டு ஓட்டினால் டயர் எவ்வளவு மடிகிறது என்று அழிந்த இடமே காட்டிவிடும். டயரின் தோளில் இருக்கும் சிறு முக்கோணக் குறியைத் தாண்டி அழிந்திருந்தால் காற்று போதவில்லை, அல்லது கேம்பர் போதவில்லை.

இனி அளப்பது. வீட்டிலேயே செய்யலாம், நல்ல மெஷினுக்கு அருகில் வரும் துல்லியம் கிடைக்கும். தரை மட்டமாக இருக்க வேண்டும். நான்கு சக்கரம் நிற்கும் இடத்தையும் ரசமட்டத்தால் பார்த்து, தாழ்வான இடத்தில் தகடு அல்லது டைல் வைத்து ஏற்றுங்கள். ஓட்டுநர் எடைக்குச் சமமான சுமையை இருக்கையில் வைத்து, பாதி டேங்க் பெட்ரோலோடு, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அமுக்கிவிட்டு உட்கார விடுங்கள். முன்சக்கரத்துக்கு அடியில் இரண்டு வழவழப்பான தகடுகளை நடுவில் கிரீஸ் தடவி வைத்தால் சக்கரம் தடையில்லாமல் திரும்பும்.

வண்டியின் இரண்டு பக்கமும் சக்கர மைய உயரத்தில் நைலான் நரம்பு கட்டுங்கள். முன் அச்சு அகலமும் பின் அச்சு அகலமும் ஒன்றாக இருக்காது. அதனால் முன் ஹப்பில் இருந்து நரம்புக்கு உள்ள தூரம் இடது வலது சமம், பின் ஹப்பில் இருந்து உள்ள தூரமும் இடது வலது சமம், இரண்டு நரம்புகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஒரே இடைவெளி என்று மூன்றும் சேரும்வரை நகர்த்த வேண்டும். பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். அப்புறம் ரிம்மின் முன் விளிம்பில் இருந்தும் பின் விளிம்பில் இருந்தும் நரம்புக்கு அளந்தால் ஒவ்வொரு சக்கரத்தின் டோவும் தனித்தனியாகத் தெரியும். பின் ஆக்சில் கோணலாக உட்கார்ந்திருந்தாலும் இங்கே பிடிபடும். அது கோணலாக இருந்தால் முன்பக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும் வண்டி ஒருபக்கமாக நடக்கும். லீஃப் ஸ்பிரிங்கின் முன்கண்ணில் இருந்து ஆக்சிலுக்கு இரண்டு பக்கமும் அளந்து பார்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் முன்பக்கத்தைத் தொட வேண்டும்.

கேம்பருக்கு டிஜிட்டல் கோணமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தூக்குக் குண்டு போதும். ரிம்மின் விட்டம் 380 மி.மீ. என்றால் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 6.6 மி.மீ. வித்தியாசம் 1 டிகிரி ஆகும். காஸ்டரை நேரடியாக அளக்க முடியாது. சக்கரத்தை 20 டிகிரி வெளியே திருப்பிக் கேம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள், 20 டிகிரி உள்ளே திருப்பி மறுபடியும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டின் வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர். சரிசெய்யும் வரிசை காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. முதல் இரண்டைத் தொட்டால் டோ மாறிவிடும்.

சரி, இப்போது உங்கள் ஸ்பிரிங் கேள்விக்கு வருகிறேன். வண்டியைத் தாழ்த்துவது ஈர்ப்பு மையத்தைக் கீழே கொண்டுவரும், அது உண்மையான லாபம்தான். எதிர்த் திசைக்கு எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் உதாரணம். 1974-இல் அமெரிக்கச் சட்டத்துக்காக ரப்பர் பம்பர் வைத்து, சில சென்டிமீட்டர் உயர்த்தி, முன் ஆன்டி-ரோல் பாரையும் எடுத்தார்கள். வண்டி வளைவில் கெட்டுப்போனது. 1977 மாடலில் முன்னும் பின்னும் பார் வைத்துத்தான் ஓரளவு மீட்டார்கள். ஆனால் அளவு மீறித் தாழ்த்தினால் வேறு தொல்லைகள் வரும். டை ராடும் விஷ்போனும் வேறு வேறு வட்டத்தில் ஓட ஆரம்பித்து, ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகத் திரும்பும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு சக்கரத்தை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி டோவை அளந்தால் இது தெரிந்துவிடும். ஸ்ட்ரட் வைத்த காரில் (மேல் விஷ்போனுக்குப் பதில் ஷாக் அப்சார்பரே சக்கரத்தைப் பிடித்திருக்கும் வகை) கீழ் ஆர்ம் மேல்நோக்கிப் போய்விட்டால் ரோல் சென்டர் விழுந்துவிடும், தாழ்த்திய பிறகும் சாய்வு அப்படியே இருக்கும். இன்னொன்று, அமுங்குவதற்கு இடம் குறைந்து வளைவின் நடுவே பம்ப் ரப்பரில் மோதினால் அந்தச் சக்கரம் ஒரு நொடியில் பாறைபோல் விறைத்துப் பிடிப்பை இழக்கும். 20 முதல் 25 மி.மீ. தாழ்த்தினால் போதும் என்பது என் எண்ணம். காயில் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது சரியான கம்ப்ரசர் இல்லாமல் கை வைக்காதீர்கள். அது ஆளையே கொல்லக்கூடிய விசை.

ஆன்டி-ரோல் பார் உங்கள் வண்டிக்கு நல்ல முதலீடு. பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 22 மி.மீ. பாரை 25 ஆக்கினால் விறைப்பு மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. அதனால் ஒரே தாவலில் மிகத் தடித்ததுக்குப் போகாதீர்கள். முன்னால் பாரைக் கூட்டினால் முன்பக்கம் இன்னும் தள்ளும் என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள். நல்ல ஜியாமெட்ரி இருக்கும் காரில் அது சரி. உங்களுடையது போன்ற காரில் நடப்பது பெரும்பாலும் வேறு. பின் ஆக்சில் ஒற்றையாக இருப்பதால் வண்டி எவ்வளவு சாய்ந்தாலும் பின்சக்கரங்கள் தரைக்கு ஏறக்குறைய நேராகவே நிற்கின்றன. கேம்பரை இழப்பது முன்சக்கரங்கள் மட்டும். முன் பார் சாய்வைக் குறைத்தால் அவை இழந்த கேம்பரைத் திரும்பப் பெறுகின்றன, முன்பக்கப் பிடிப்பு கூடுகிறது. பின்னால் பார் போடுவதில் அவசரம் வேண்டாம். சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால் வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் எடை இழந்து வெறுமனே சுழலும், மழையில் பின்பக்கம் சட்டென்று வெளியே வரும்.

பின்பக்கத்தைத் தூக்கிக் காட்ட நீளமான ஷேக்கிள் (லீஃபின் பின்முனையைச் சேசிஸோடு சேர்க்கும் இணைப்பு) யாராவது போட்டிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். லீஃபின் முன்கண் ஆக்சிலைவிட உயரமாகிவிட்டால், வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் பின்னாலும் உள்பக்கச் சக்கரம் முன்னாலும் நகரும். ஆக்சிலே வளைவுக்கு வெளியே திரும்புகிறது, பின்பக்கம் வழுக்க அதுவே வழி.

ஷாக் அப்சார்பர் சாய்வைக் குறைக்காது. சாய்வு எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை மட்டுமே அது கட்டுப்படுத்தும். ஆனாலும் செத்துப்போன ஷாக்கோடு மற்ற எதையும் மதிப்பிட முடியாது. ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் அதற்கேற்ற ஷாக்கும் வேண்டும். பழைய லீவர் வகை என்றால் எண்ணெய் அளவைப் பாருங்கள், கசிந்தால் புதுப்பித்துப் போடுங்கள்.

பீட்டிலோ ஸ்பிட்ஃபயரோ வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பின்சக்கரமும் தன் அரை ஆக்சிலோடு சேர்ந்து சாயும் ஸ்விங் ஆக்சில் பின்பக்கம் வேறு ஜாதி. பின்னால் தாழ்வாக, நெகட்டிவ் கேம்பரில் உட்கார வைப்பதும், சக்கரம் உள்ளே மடங்காமல் தடுக்கும் கேம்பர் காம்பென்சேட்டர் போடுவதும்தான் அங்கே முதல் வேலை. ஸ்பிட்ஃபயரில் டிரையம்ஃப் 1970-இல் நான்காம் மாடலுக்கு நடுவில் சுழலும் ஸ்பிரிங் வைத்தே இதைத் தீர்த்தது.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் செய்யுங்கள். போக்குவரத்து இல்லாத, நன்றாகத் தெரிந்த ஒரே சாலையில், அதே காற்றழுத்தத்தில் ஓட்டிப் பார்த்துக் குறிப்பெழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் நரம்பைக் கட்டுங்கள். புது ஸ்பிரிங்கும் புது ரப்பரும் அதற்குள் சில மி.மீ. உட்கார்ந்திருக்கும், டோவும் அதோடு நகர்ந்திருக்கும். யூ-போல்ட் நட்டுகளையும் அப்போதே மறுபடி இறுக்கிவிடுங்கள்.